சாயாத ஏழு

மருதமுனை. நூல் கிடங்கின் பின்கதவு.
தார்ப்பாயை இழுத்ததும்
முதலில் ஒரு பல்லி இறங்கிப் போனது,
பிறகுதான் கார் தெரிந்தது.

ஹோல்டன் மொனாரோ, அறுபத்தொன்பது.
எட்டு சிலிண்டர், இரண்டே கதவு.
கரும்பாலைக்கு வந்த எஞ்சினியர் ஒருவர்
கப்பலில் இறக்கியதாம்;
போகும்போது கடனுக்கு ஈடாய் விட்டுப்போனதாம்.
நான் மட்டக்களப்பிலிருந்து
காலை ஆறரை பஸ்ஸில் வந்தவள்.
பையில் ஒரு காந்தம், டோர்ச், கறுப்புப் பென்சில்,
மெல்லிய தாள் கொஞ்சம்,
பல்வைத்தியர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி.

வாங்க வந்தவர் கொழும்பு, விதானகே.
சப்பாத்தில் நூல்தூசு படாமல் நின்று
திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டார்:
ஒரிஜினலா?
மூன்று மொழிக்கும் அது ஒரே சொல்,
மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

முன் மட்கார்டில் காந்தத்தை வைத்தேன். ஒட்டியது.
பொனட்டில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது.
இடது கதவின் கீழே
உள்ளங்கை அகலத்தில் ஓரிடம்,
வழுக்கிச் சீமெந்துத் தரையில் விழுந்தது.
"தொண்ணூறு," என்றார் ஹிதாயா,
நான் கேட்காமலே.
தொண்ணூறில் எந்த மாதம் என்று நானும் கேட்கவில்லை.
எழுதினேன்: இடது கதவு, பட்டி வேலை, பதினொரு சென்ரிமீற்றர்.

கதவு உறையைக் கழற்றினால்
உள்தகட்டில் ஒரு கோடு,
மேசன் மட்டம் வைத்துப் பார்த்ததுபோல் நேராக.
கோட்டுக்குக் கீழே துரு,
மேலே ஆலையில் அடித்த அதே மஞ்சள்.
நகத்தால் சுரண்டினேன், மணல் வந்தது.
இருபது வருசமாய் யாரும் தட்டாத மணல்.

விதானகேக்கு இதெல்லாம் பிடித்திருந்தது.
கண்ணாடியின் திகதிக் குறி சரி,
சேசிஸ் தகட்டின் தறையாணிகள் சரி.
வெளியே போய் யாரிடமோ
கோடியில் பேசிக்கொண்டிருந்தார்.

பிறகு எஞ்சின்.
எண்ணின்மேல் தாளை வைத்துத் தேய்த்தேன்.
கறுப்புக்குள்ளிருந்து இலக்கங்கள் எழும்பின,
இரண்டு ஏழோடு.
ஏழு சாயும்.
எந்த ஆலையில் குத்தினாலும் கொஞ்சம் சாயும்.
இவை இரண்டும்
தடுப்பில் இறக்கி நிறுத்திய ஆட்கள்போல்
நேராக நின்றன.

நிமிர்ந்தேன்.
"லாம்பு புடிச்சது நான்தான் கா," என்றார் ஹிதாயா.
"முதல் எஞ்சினக் கழட்டிக்கு போயிட்டாங்க, போட்டுக்கு எண்டு.
இது வேறொரு வண்டிட.
புத்தகத்தில உள்ள நம்பர் இதில இல்லாட்டி
அவரப் புடிச்சிருப்பாங்க.
அச்சாணிப் பெட்டியில ஏழு இருக்கல்ல.
எல் எழுத்தத் தலைகீழா வச்சி அடிச்சார்."

"ஒருக்காவும் கண்டுபிடிக்கல்லையா?"

"டோர்ச் அடிச்சிப் பார்த்தவங்க எத்தின பேர்.
நீங்கதான் கண்டது."

படிவத்தில் கேள்வி: எண் பொருந்துகிறதா?
பொருந்துகிறது. பொருந்தவென்றே குத்தியது.
அடுத்த கேள்வி: அசல் எஞ்சினா?
இல்லை என்பதில் கோடு போட்டேன்.
குறிப்புக்கான கட்டம் மூன்று விரல் அகலம்.
அதில், கையால் இட்ட இலக்கம், என்று மட்டும் கொண்டது.

விலை பாதிக்கு வந்தது.
பிறகு விதானகே என்னை ஓரமாய்க் கூப்பிட்டு,
தெஹிவளையில் ஒரு ஆள் இருக்கிறான்,
அராவிவிட்டு ஆலை ஏழையே குத்தித் தருவான்,
அப்புறம் உங்களாலும் சொல்ல முடியாது என்றார்.
மெதுவாய்த்தான் சொன்னார்,
ஆனாலும் கிடங்கில் எதிரொலித்தது.

ஹிதாயா சிரித்துவிட்டார்.
"அப்ப அந்த ரெண்டு ஏழையும் எனக்கு
வெட்டித் தந்திட்டுக் கொண்டு போங்க."

யாரும் பதில் சொல்லவில்லை.
கொஞ்சம் பொறுத்து,
இன்னொரு தாள் இருக்குதா மகள் என்று கேட்டார்.
கொடுத்தேன். பென்சிலும் கொடுத்தேன்.
அவரே குனிந்து தேய்த்தார்,
எண் முழுவதையும் இல்லை.

விற்றாரா, தெரியாது.
பெரியகல்லாறு தாண்டும்போது பார்த்தேன்,
பெருவிரலில் கறுப்பு இன்னும் போகவில்லை.
பைக்குள் காந்தம்
வீட்டுச் சாவியைப் பிடித்து வைத்திருந்தது.